கைத்தடுப்பு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

இங்கே நானும் என் மனைவியும் பிள்ளைகளும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் பஸ் ஓட்டுவதை விட்டு டிப்போவில் உட்கார்ந்த பிறகாவது அவருடைய முதுகுவலி குறைந்ததா? போன் பண்ணியிருப்பேன். ஆனால் போனில் நான் பிரசங்கம் பண்ணுகிறேன், உன்னால் இடையில் புகவே முடியவில்லை, இனி எதுவானாலும் கடிதம்தான் என்று நீ போட்ட உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறதே!

ஒரு உதவி வேண்டும். இறையியல் கல்லூரியில் நான் நடத்தும் பாடத்தைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழைகளுக்கு நீதி செய்வது கிறிஸ்தவனின் கடமை என்பதுதான் பொருள். ஆறு அத்தியாயம் முடிந்துவிட்டது. படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், "எல்லாம் சரிதான், ஆனா ஒரு மனுஷ முகம்கூட இதுல இல்லையே" என்று சொல்லிவிட்டார். அது சுருக்கென்று தைத்தது.

அடுத்த அத்தியாயம் தொழிலாளர்களைப் பற்றியது. மிஷன் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாய். உன்னைவிட யாருக்குத் தெரியும்? உங்கள் வேலை எப்படி நடக்கிறது, யார் யார் இருக்கிறார்கள் என்று உன் பாணியிலேயே எழுது.

கல்லூரி வேலை போக இந்த வருடம் வேறு சில பொறுப்புகளும் தலையில் ஏறியிருக்கின்றன. அதெல்லாம் நேரில் பார்க்கும்போது.

உன் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் இருவரும் நலம். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. அத்தானுக்கு முதுகுவலி போய் இப்போது தொப்பை வந்திருக்கிறது. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

முகம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். இங்கே பன்னிரண்டு முகம் இருக்கிறது. பன்னிரண்டும் வேர்த்து வழிகிறது. உனக்கு எது வேண்டும்?

மின்னலைப் பற்றி எழுதுகிறேன். நாங்கள் வைத்த பெயர் அது. இருபத்தாறு வயது. ஒரு போர்வையை நான் மடிப்பதற்குள் மூன்றை மடித்து வைத்துவிட்டு, "என்னக்கா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்பாள். பத்தாவது வரை படித்தவள். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். எந்த வார்டுக்கு எத்தனை துணி போயிற்று என்று பதிவேட்டில் எழுதுவது அவள்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதத் தெரியாத நோயாளிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பாள்.

எங்கள் கூடத்தின் ராஜா, உருளை இயந்திரம். இரண்டு ஆள் அகலம். ஈரத் துணியை விரித்துக் கொடுத்தால் கொதிக்கும் உருளைக்குள் இழுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் மொடமொடவென்று தள்ளும். அதன் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி இருந்தது. கைத்தடுப்பு என்போம். விரல் பட்டால் போதும், இயந்திரம் டக்கென்று நின்றுவிடும். தடித்த கம்பளி பட்டாலும் நிற்கும். அதுதான் அது செய்த குற்றம். ஆறு மாதத்துக்கு முன் கண்காணிப்பாளர் வந்தார். "ஒரு நாளைக்கு முப்பது தடவ நின்னா வார்டுக்கு எப்படித் துணி போகும்? கழட்டிப் போடுப்பா" என்று மெக்கானிக்கிடம் சொன்னார். கழற்றியாயிற்று. இப்போது அந்தக் கம்பி ஜன்னலோரம் தொங்குகிறது. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளை அதில் மாட்டிவைக்கிறோம்.

இரண்டு தடவை வாயால் சொன்னோம். ஒரு தடவை மின்னல் கையால் எழுதிக் கொடுத்தோம். "பார்க்கலாம்" என்றார். பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இது போதுமா உன் அத்தியாயத்துக்கு? இன்னும் வேண்டுமானால் கேள்.

உன் மேல் எப்போதும் பிரியமுள்ள,
அக்கா

மார்ச் 9

தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் பதில் வரும் முன்பே எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மின்னலின் வலது கை இயந்திரத்துக்குள் போய்விட்டது.

துணியின் ஓரம் சுருண்டிருந்தது. சுருக்கத்தோடு போனால் வார்டு நர்ஸ் திருப்பி அனுப்புவார். அதை நீவி விட்டாள். தினமும் எல்லோரும் செய்வதுதான். நிறுத்தும் பொத்தான் எதிர்ச் சுவரில் இருக்கிறது. நான்தான் ஓடினேன். பதினான்கு எட்டு வைக்கும் தூரம். பிறகு நடந்து எண்ணிப் பார்த்தேன். அவள் கத்தியது பதினான்கு எட்டு தூரமும் என் கூடவே வந்தது.

நான்கு விரல் போய்விட்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

அதே மருத்துவமனையின் மாடியில், நாங்கள் துவைத்த துணிமேல்தான் படுக்க வைத்தார்கள். டாக்டர்மாரைக் குறை சொல்லமாட்டேன். ஆறு மணி நேரம் நின்று பார்த்தார்கள். குறை சொல்ல வேண்டியது மறுநாள் நடந்ததை. கண்காணிப்பாளர் ஒரு காகிதத்தோடு வந்தார். அவள் மருந்து மயக்கத்தில் கிடந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். "என்ன சார் அது?" என்றேன். "சாதாரண ரிப்போர்ட்மா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றார். திரும்பி வந்தபோது அவளுடைய இடது கட்டைவிரலில் மை இருந்தது. ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவளிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள், தம்பி! அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எங்களுக்குக் காட்டவில்லை. அவளுக்கும் தெரியாது. மிஷனின் தலைமைக் கமிட்டிக்குப் போய்விட்டது என்கிறார்கள்.

நேற்று ஒரு கம்பளியும் பழக்கூடையும் கொண்டுவந்து கொடுத்துப் படம் எடுத்தார்கள். மிஷன் பத்திரிகையில் போடுவார்களாம். கட்டுப்போட்ட கை படத்தில் வராமல் கம்பளியால் மூடச் சொன்னார் படம் எடுத்தவர்.

கை இருந்தவரை அவள் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை. கை போன பிறகு தானதர்மம் தேடி வருகிறது. இதற்கு உன் புத்தகத்தில் என்ன பெயர்?

சீக்கிரம் எழுது.

அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தேர்வு நேரம் என்பதால் உடனே பதில் எழுத முடியவில்லை. பொறுத்துக்கொள்.

செய்தி கேட்டு மனம் மிகவும் வருந்தியது. அந்தச் சகோதரிக்காக இங்கே குடும்பமாக ஜெபித்தோம். மதிய மணி அடிக்கும் அவசரத்தில் ஒரு கணம் கவனம் தவறியது எவ்வளவு பெரிய இழப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டது! மனித வாழ்க்கை எவ்வளவு நிலையற்றது என்று நினைத்துக்கொண்டேன்.

உன் கோபம் புரிகிறது. ஆனால் நிர்வாகத்தின் தரப்பையும் கேட்க வேண்டும் அல்லவா? அது ஏழைகளுக்காக நடக்கும் மருத்துவமனை. அதன் பெயர் கெட்டால் பாதிக்கப்படுவதும் ஏழைகள்தான். சபை அவளைக் கைவிடாது. பொறுமையாக இருக்கும்படி அவளுக்கு ஆறுதல் சொல்.

முழங்காலைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம் இருக்கட்டும். முதலில் ஒன்றுக்குப் பதில் சொல்.

மதிய மணி அடிக்கும் அவசரம் என்று உனக்கு யார் சொன்னது?

நான் எழுதவில்லை. என் கடிதத்தில் மணியும் கிடையாது, அவசரமும் கிடையாது. விபத்து நடந்தது காலை ஒன்பதே காலுக்கு. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மின்னலிடம் போய்க் கேட்டேன். "மணியா? எந்த மணிக்கா?" என்றாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் யாருக்கும் காட்டாத அந்தக் காகிதத்தை நீ படித்திருக்கிறாய். வேறு சில பொறுப்புகள் என்று எழுதினாயே, அது தலைமைக் கமிட்டியா? நேரடியாகச் சொல். சின்ன வயதில் பொய் சொன்னால் உனக்குக் காது சிவக்கும். கடிதத்தில் காது தெரியாது என்ற தைரியமா?

வேதத்தில் நான் உன்னளவு படித்தவள் இல்லை. ஆனால் ஜெபவீட்டில் சூம்பின கையோடு உட்கார்ந்திருந்தவனை இயேசு என்ன செய்தார் என்று தெரியும். மூலைக்குக் கூட்டிப்போய்க் கம்பளி கொடுக்கவில்லை. எல்லோருக்கும் நடுவில் எழுந்து நிற்கச் சொன்னார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர்களைச் சுற்றிப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் வராத நீங்கள் அவர் பெயரில் மருத்துவமனை நடத்துகிறீர்கள். உங்கள் கமிட்டி அறையில் மின்னலை எங்கே நிறுத்தினீர்கள்? அவள் பெயராவது யாருக்காவது தெரியுமா?

இங்கே ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். கைத்தடுப்பு மறுபடி மாட்டும் வரை, அந்தக் காகிதத்தை ரத்து செய்யும் வரை, நாங்கள் பதினொரு பேரும் உருளை இயந்திரத்தைத் தொடமாட்டோம். நோயாளிகள் என்ன பாவம் செய்தார்கள்? அதனால் எல்லாத் துணியையும் இஸ்திரிப் பெட்டியால் கையாலேயே தேய்க்கிறோம். விடியுமுன் வந்து இருட்டிய பிறகு போகிறோம். ஒரு வார்டுக்கும் துணி தாமதமாகவில்லை. இதைக் கலகம் என்கிறார் கண்காணிப்பாளர்.

பதில் எழுது. பிரசங்கம் வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 25

அக்கா,

நீ நலமா என்று கேட்கக்கூட எனக்குத் தகுதியில்லை என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

ஆம். போன வருடத்திலிருந்து நான் தலைமைக் கமிட்டியில் இருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் பத்தொன்பது விஷயங்கள் இருந்தன. உங்கள் விபத்து பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது. ஊழியரின் அவசரத்தால் நேர்ந்தது, இயந்திரத்தில் குறையில்லை, ஊழியரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தது. டீ வந்திருந்தது. தாள் கைமாறி வந்தது. எனக்கு முன் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன்.

கைத்தடுப்பைப் பற்றிய உன் கடிதம் அப்போது என் பையிலேயே இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

இப்போது கமிட்டியில் உங்கள்மேல் கடுங்கோபம். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்போகிறார்கள். தயவுசெய்து இயந்திரத்தை ஓட்டத் தொடங்குங்கள். உள்ளே இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிச் சரிசெய்ய எனக்கு அவகாசம் கொடு. நீ என் அக்கா என்பது இங்கே யாருக்கும் தெரியாது. அது தெரியாதவரை நான் நடுநிலையாகப் பேசுவது எளிது.

தம்பி

மே 2

உனக்கு,

யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் உன்னை அடித்த பையனை நான் துரத்திக்கொண்டு போனேனே, அன்று ஊருக்கே தெரிந்தது நான் உன் அக்கா என்று. எனக்கு அது வெட்கமாக இல்லை.

நடுநிலையாம். நடுவில் என்னடா இருக்கிறது? ஒரு பக்கம் இயந்திரம், ஒரு பக்கம் அவள் கை. நடுவில் இருக்க வேண்டியது ஒரு கம்பி. அதைத்தான் கழற்றிவிட்டீர்கள்.

என்னை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு நேற்று வந்தது. பணியிடத்தில் ஒற்றுமையைக் குலைத்தேனாம். மின்னலை ஊழியர் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இப்போது அவளும் அவள் அம்மாவும் எங்கள் முன்னறையில் இருக்கிறார்கள். அத்தான் கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் படுக்கிறார். முதுகுவலி திரும்பிவிட்டது.

மற்ற பத்துப் பேர் இன்னும் இயந்திரத்தைத் தொடவில்லை. என்னை நீக்கினால் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள் போல. எங்கள் கூடத்திலேயே வயதில் மூத்தவள், எப்போதும் வாயே திறக்காதவள், கண்காணிப்பாளரிடம் சொன்னாளாம்: "அந்தக் கம்பிய மாட்டுங்க சார். இல்லன்னா நீங்க வந்து துணி போடுங்க, நாங்க பொத்தான் பக்கத்துல நிக்கிறோம்."

நான் எழுதியதை உன் புத்தகத்தில் போடாதே. எங்கள் முகங்களைத் திருப்பிக் கொடுத்துவிடு. அவை உனக்கு உதாரணம் ஆவதற்காக இல்லை.

இனி நான் எழுதமாட்டேன்.

ஜூன் 11

அக்கா,

நீ எழுதாமல் இருந்த நாற்பது நாளில் உன் பழைய கடிதங்களையே திரும்பத் திரும்பப் படித்தேன். நலமாக இரு. அதைமட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கமிட்டியின் பதினான்கு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதிவிட்டேன். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். அந்த அறிக்கை பொய், பொய் என்று தெரிந்துகொள்ள என் கையில் ஆதாரம் இருந்தும் வாய் திறக்காமல் இருந்தேன் என்று எழுதியிருக்கிறேன். சலவைக்கூடத்திலிருந்து நீக்கப்பட்டவர் என் சொந்த அக்கா என்பதும் அதில் இருக்கிறது. முதல் வரியிலேயே இருக்கிறது.

27ஆம் தேதி கூட்டம். பாதிக்கப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் நான் அறையை விட்டு நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீக்கப்பட்டவர் வரக்கூடாதாம். அதனால் உன்னைக் கூப்பிட முடியவில்லை. அத்தானோடு அவளை அனுப்புவாயா? பஸ் நிலையத்தில் நான் நிற்பேன்.

எழுதி முடித்த ஆறு அத்தியாயத்தையும் எடுத்து வைத்துவிட்டேன். நீதி என்று தலைப்புப் போட்டு இரக்கத்தைப் பற்றியே எழுதியிருக்கிறேன். இரக்கப்பட எனக்கு எதுவும் செலவாகவில்லை. அதனால்தான் அவ்வளவு அழகாக எழுத வந்திருக்கிறது.

அந்தச் சகோதரிக்கு ஒரு கடிதம் உள்ளே இருக்கிறது. மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். கொடுத்துவிடு.

தம்பி

ஜூலை 5

தம்பிக்கு,

எழுதமாட்டேன் என்று சொன்னேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. கூட்டத்தில் உள்ளே இருந்தவன் நீ. ஆனால் அத்தான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டதும், மின்னல் வந்து சொன்னதும் உனக்குத் தெரிய வேண்டும்.

தலைவர் அவளைப் பார்த்ததும், "உட்காரும்மா, உட்காரு" என்றாராம். "நிக்கிறேன் ஐயா. ரெண்டு கையும் நல்லா இருந்தப்ப யாரும் என்னை இங்கே கூப்பிடல. இப்ப நின்னே சொல்றேன்" என்றாளாம். கட்டைப் பிரித்து மேஜைமேல் கையை வைத்தபோது ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். "பாருங்க ஐயா. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும்" என்றாளாம்.

மணி அடித்த அவசரம் என்று கண்காணிப்பாளர் அங்கேயும் சொன்னாராமே. "மதிய மணி எத்தனை மணிக்கு சார்?" என்று கேட்டாளாம். பன்னிரண்டரை என்று அவர் வாயாலேயே சொன்னாராம். "என்னை ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனது ஒன்பது நாற்பது. அது உங்க ஆஸ்பத்திரிப் பதிவுதான்." அப்புறம் உன் குரல் கேட்டதாம். கடைசிவரை நிறுத்தாமல் சொன்னாயாம். அத்தான் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருக்கு உன்னைப் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை கைத்தடுப்பை மாட்டிவிட்டார்கள். நிறுத்தும் பொத்தானையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். அறிக்கை ரத்து. மின்னலுக்குத் துணிக் கிடங்கில் வேலை. குடியிருப்புச் சாவியும் திரும்பக் கிடைத்துவிட்டது. போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு முன்னாலேயே நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

என்னை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. நோக்கம் நல்லது, முறை தவறு என்று எழுதியிருக்கிறார்கள். எந்த முறையில் கேட்டிருந்தால் கேட்டிருப்பார்கள் என்று எழுதவில்லை. கண்காணிப்பாளர் அதே நாற்காலியில் இருக்கிறார்.

உன்னைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்களாம், கல்லூரியிலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். உன் மனைவி போனில் சொன்னாள். எனக்கு உன்மேல் உள்ள கோபம் போகவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் நேற்றுச் சாப்பிட உட்கார்ந்தபோது, இவன் சரியாகச் சாப்பிடுகிறானோ என்னவோ என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

மின்னல் உனக்குத் தானே எழுதுவாளாம். காத்திரு.

அக்கா

ஜூலை 22

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். இந்த ஒரு பக்கம் எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. பொறுத்துப் படிக்கவும்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கமிட்டியில் நீங்கள் உண்மையைச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. தவறாக நினைக்க வேண்டாம். எங்களுக்காக உண்மை சொன்னவர்களுக்கு நாங்கள் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தால், அதுவும் அவர்கள் கொடுத்துப் படம் எடுத்த கம்பளி மாதிரி ஆகிவிடும்.

மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உங்களுக்காக ஜெபிக்க முயன்றேன். பாதி வரை வந்தது. மீதி வரவில்லை. வராததை வந்ததாக எழுதினால் அதுவும் ஒரு பொய் அறிக்கைதான்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். கிடங்குக்குத் துணிக்கட்டு கொண்டுவரும் லாரி டிரைவர் நம் மிஷனின் மற்ற மருத்துவமனைகளுக்கும் போகிறார். அவரிடம் விசாரித்தேன். மலையடிவாரத்து மருத்துவமனையிலும் இதே மாதிரி உருளை இயந்திரம் இருக்கிறதாம். அங்கேயும் கைத்தடுப்பு இல்லையாம். எப்போது கழற்றினார்கள் என்றுகூட யாருக்கும் நினைவில்லையாம். அதில் துணி போடுகிற பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. ரொம்ப வேகமாம். அவளைப் பாராட்டிச் சொன்னார் டிரைவர்.

நீங்கள் முதலில் அங்கே போய்ப் பாருங்கள், ஐயா. இப்போது நான் கமிட்டியில் இல்லையே என்று சொல்லாதீர்கள். நானும் கமிட்டியில் இல்லை. அந்தக் கம்பி மாட்டப்பட்டதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு, அங்கிருந்தே பஸ் பிடித்து இங்கே வாருங்கள். மன்னிப்பைப் பற்றி அப்போது பேசலாம்.

தாமதிக்க வேண்டாம். அந்தப் பெண் நாளைக்கும் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போவாள்.

இப்படிக்கு,
துணிக் கிடங்கு ஊழியர்